பழைய பவர் வீடருக்கு என்ன விலை? எழுதிப் பார்த்துச் சொல்வோம்

நம் மாதக் கூட்டங்களில் செலவைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது. ஒரு மூட்டை யூரியா நிறுத்தினால் எவ்வளவு மிச்சம், பஞ்சகவ்யா ஒரு லிட்டருக்கு என்ன அடக்கம், கடையில் வாங்கும் உயிர் உரத்தை வீட்டிலேயே பெருக்கினால் எவ்வளவு குறையும் என்று பைசா சுத்தமாகக் கணக்குச் சொல்கிறோம். வெளியிலிருந்து வாங்கும் இடுபொருளைக் குறைப்பதுதான் இயற்கை வேளாண்மையின் அடிப்படை என்றும் சொல்கிறோம். ஆனால் தோட்டத்துக்குள் வெளியிலிருந்து வருகிற பொருள்களில் பெரிய தொகைக்கு வருவது மெஷின். அதைப் பற்றி மட்டும் நம் கூட்டத்தில் யாரும் கணக்குப் பேசுவதில்லை. புதிதாக வாங்கினால் மானியம் எவ்வளவு என்று கேட்கிறோம். பழசை விற்கும்போது வியாபாரி என்ன சொல்கிறாரோ அதுதான் விலை என்று விட்டுவிடுகிறோம்.

நான் 34 வருஷம் வங்கியில் வேலை பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் விவசாயக் கடன் பிரிவு. ஓய்வு பெற்ற பிறகு ஊருக்கு வந்து நாலரை ஏக்கரில் மஞ்சள், வாழை, காய்கறி என்று பண்ணையம் பார்க்கிறேன். ஊரில் இன்னமும் "பேங்க்காரர்" என்றுதான் பேர். அதனாலேயே பழைய மோட்டார், தெளிப்பான், பவர் டில்லர் எதை விற்றாலும் வாங்கினாலும் "இது என்ன பெறும்னு பாத்துச் சொல்லுங்க" என்று யாராவது வந்துவிடுகிறார்கள். அப்படிப் பார்த்துச் சொன்னதில் எனக்கு ஏற்பட்ட கருத்தை இங்கே எழுதுகிறேன். ஒத்துக்கொள்ளாதவர்கள் அடுத்த இதழில் எழுதலாம்.

என் கருத்து இதுதான். பழைய மெஷினின் விலை அதன் வயதில் இல்லை. வாங்கிய பில்லிலும் இல்லை. இனிமேல் அது யார் தோட்டத்தில் எத்தனை மணி நேரம் ஓடப் போகிறது, அதற்கு என்ன செலவாகும் என்பதில் இருக்கிறது. அதை விற்பவரும் வாங்குபவரும் ஒரே காகிதத்தில் எழுதிப் பார்க்க முடியும். அந்த வேலையை வியாபாரியிடம் விடாமல் நம் குழுக்களே செய்ய வேண்டும்.

நான்கு விலைகள்

ஒரு பழைய மெஷினுக்கு நம் ஊரில் நான்கு விதமாக விலை சொல்கிறார்கள்.

முதலாவது பில் விலை. "95,000 போட்டு வாங்குனது, பாதியாவது வரணுமில்ல?" என்பார்கள். போட்ட பணம் போட்ட அன்றோடு முடிந்தது. அந்தப் பணத்துக்குண்டான வேலையை மெஷின் ஏற்கெனவே செய்து கொடுத்துவிட்டது. அதை மறுபடியும் வாங்குபவரிடம் கேட்க முடியாது.

இரண்டாவது ஏட்டு விலை. வருமான வரிக் கணக்கில் பொதுவாக இயந்திரங்களுக்கு வருஷத்துக்கு 15 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். முதல் வருஷம் முழு விலையில் 15, அடுத்த வருஷம் மீதியில் 15 என்று குறைந்துகொண்டே போகும். 95,000 ரூபாய் மெஷின் ஆறு வருஷத்தில் 35,800 ரூபாயில் வந்து நிற்கும். படித்த பிள்ளைகள் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். இது வரி போடுவதற்காக வகுத்த விகிதம். பேப்பரில் ஓடுகிற மெஷினுக்குச் சரி. சேற்றில் ஓடிய மெஷினும் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்த மெஷினும் இந்தக் கணக்கில் ஒன்றுதான்.

மூன்றாவது இரும்பு விலை. 110 கிலோ இருந்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று பெருக்கி மூவாயிரம் சில்லறை சொல்வது. இது மெஷின் செத்த பிறகு உள்ள விலை.

நான்காவது வியாபாரி விலை. விற்பவருக்கு எவ்வளவு அவசரம் என்று பார்த்துச் சொல்வது. வங்கியில் இருந்தபோது கடன் கட்ட முடியாமல் பிடித்துவந்த டிராக்டர்கள் வெயிலிலும் மழையிலும் நின்று ஏலம் போவதைப் பார்த்திருக்கிறேன். ஏலம் கேட்க வருகிறவர்கள் பானெட்டைக்கூடத் திறந்து பார்க்க மாட்டார்கள். இன்றைக்கு எப்படியும் விற்றாக வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதுவே அவர்களுக்குப் போதும். கிராமத்தில் வீட்டு வாசலுக்கு வரும் வியாபாரியும் அதைத்தான் பார்க்கிறார். அவரைக் குறை சொல்லவில்லை, அது அவர் தொழில். நாம் நம் தொழிலைப் பார்க்கவில்லை என்பதுதான் என் குறை.

இந்த நான்கில் எதுவுமே அந்த மெஷின் நாளைக்கு ஒரு தோட்டத்தில் செய்யப் போகும் வேலையைக் கணக்கில் எடுக்கவில்லை.

ஒரு மெஷின், ஒரு காகிதம்

சமீபத்தில் நான் கூட இருந்து போட்ட கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயி திடீரென்று தவறிவிட்டார். ஐந்து ஏக்கர் வைத்திருந்தார். ஆறு வருஷத்துக்கு முன் 95,000 ரூபாய்க்கு வாங்கிய டீசல் பவர் வீடர் ஒன்று அவரிடம் இருந்தது. அவர் மனைவி நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். மெஷினை ஓட்ட ஆள் இல்லை. வியாபாரி வந்து 9,000 சொல்லியிருக்கிறார். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் பையன் 35,000-க்குக் குறையாது என்கிறார். அதே சமயம் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து இரண்டு ஏக்கரில் ரசாயனம் இல்லாமல் காய்கறி போடும் ஒரு தம்பி அந்த மெஷினைக் கேட்கிறார். அவருக்கும் விலை தெரியவில்லை.

அந்த அம்மிணி என்னிடம், "அண்ணா, வியாபாரிக்கே குடுத்தறலாமுங்களா? தெனமும் அதப் பாத்துட்டே இருக்க முடியல" என்றார். "இருங்க அம்மிணி, நாளைக்கு மெக்கானிக்கைக் கூட்டிட்டு வர்றேன். பாத்துட்டுப் பேசுவோம்" என்றேன். அந்தத் தம்பியையும் வரச் சொன்னேன்.

மறுநாள் காலையில் போனோம். முதலில் இன்ஜின் மேல் கையை வைத்துப் பார்த்தோம். சில்லென்று இருந்தது. பழைய மெஷின் பார்க்கப் போகும்போது இது முக்கியம். நாம் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆகாத கோளாறு நமக்குத் தெரியாமல் போய்விடும். கயிற்றை இழுத்ததில் மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. இழுக்கும்போது கைக்கு நல்ல எதிர்ப்பு இருந்தது, அதாவது கம்ப்ரஷன் இருக்கிறது. முதலில் வந்த வெள்ளைப் புகை கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. பாரம் கொடுத்தபோது கறுப்புப் புகை வந்தது. கறுப்புப் புகை என்றால் பெரும்பாலும் ஏர் ஃபில்டர் அடைப்பு அல்லது நாசில் கோளாறு. சின்னச் செலவு. நீலப் புகை விடாமல் வந்திருந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது, பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று அர்த்தம். அது பெரிய செலவு. அப்படி இருந்தால் நான் அந்த இடத்திலேயே இரும்பு விலைக்குப் பக்கத்தில்தான் விலை சொல்லியிருப்பேன்.

கியர் பாக்ஸ் ஆயிலைக் கொஞ்சம் வடித்து விரலில் தேய்த்துப் பார்த்தோம். இரும்புத்தூள் மினுமினுக்கவில்லை. பால் மாதிரி வெளுத்தும் இல்லை. வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று பொருள். ஒரு பக்கம் ஆயில் சீல் கசிகிறது. களை வெட்டும் பிளேடுகள் தேய்ந்து பாதியாக இருக்கின்றன. கிளட்ச் கேபிள் பிரிந்துகிடக்கிறது. எல்லாம் சேர்த்து மெக்கானிக் 6,500 ரூபாய் செலவு சொன்னார். "அஞ்சு வருஷம் கண்ண மூடிட்டு ஓட்டலாம் சார்" என்றும் சொன்னார். நான் மூன்று வருஷம் என்று எழுதினேன். நம்பிக்கையை எப்போதும் குறைத்து எழுதுவதுதான் வங்கிப் பழக்கம்.

அதற்குப் பிறகு தம்பியிடம் கேட்டேன், "உனக்கு வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் இது ஓடும்?" அவர் யோசித்துச் சொன்னார். ஏக்கருக்கு ஒரு தடவை களையெடுக்க நாலு மணி நேரம். இரண்டு ஏக்கர். வருஷத்தில் ஆறு தடவை. ஆக 48 மணி நேரம்.

இனி கணக்கு. எங்கள் பக்கம் ஆளோடு சேர்த்துப் பவர் வீடர் வாடகை மணிக்கு 450 ரூபாய். 48 மணிக்கு 21,600. இது மெஷின் இல்லாவிட்டால் அவர் வெளியே கொடுக்கும் பணம்.

சொந்த மெஷின் என்றால் டீசல், ஆயில் மணிக்கு 100 என்று 4,800. பிளேடு, கேபிள், சில்லறை ரிப்பேர் வருஷத்துக்கு 4,000. அவரே ஓட்டினாலும் அவர் கூலியைச் சேர்க்க வேண்டும். நாள் கூலி 600 என்றால் மணிக்கு 75, ஆக 3,600. மொத்தம் 12,400. மிச்சம் வருஷத்துக்கு 9,200 ரூபாய்.

"சொந்த வேலைக்குக் கூலி எதுக்குங்க சார்?" என்றார் தம்பி. நம்மில் நிறையப் பேர் இப்படித்தான் கேட்கிறோம். அந்த 48 மணி நேரத்தில் அவர் உழவர் சந்தையில் நின்று காய் விற்கலாம். நம் உழைப்புக்கு நாமே விலை போடாவிட்டால் வேறு யார் போடப் போகிறார்கள்?

மூன்று வருஷத்துக்கு 9,200 வீதம் 27,600. ஆனால் அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் வரப்போகும் பணத்தை இன்றைக்குக் கையில் இருக்கும் பணமாக நினைக்கக் கூடாது. இன்றைக்கு நகையை வைத்துப் பணம் வாங்கினால் வட்டி உண்டு. 10 சதவீதம் வட்டி கழித்தால் அந்த 27,600-இன் இன்றைய மதிப்பு 22,900 அளவுக்கு வருகிறது. மூன்றாவது வருஷக் கடைசியில் இரும்புக்குப் போட்டால் 3,000 கிடைக்கும், அதற்கும் வட்டி கழித்தால் சுமார் 2,250. இரண்டும் சேர்ந்து 25,100 சொச்சம். இதில் இப்போதே செய்ய வேண்டிய ரிப்பேர் 6,500-ஐக் கழித்தால் 18,600.

ஆக, அந்தத் தம்பிக்கு அந்த மெஷின் அதிகபட்சம் 18,600 பெறும். அதற்கு மேல் ஒரு ரூபாய் கொடுத்தாலும் அவர் வாடகைக்கே ஓட்டிக்கொள்வது லாபம். அம்மிணிக்கோ வேறு வழியில் கிடைக்கக்கூடியது வியாபாரி சொன்ன 9,000. அதற்குக் கீழே அவர் விற்கத் தேவையில்லை. நியாயமான விலை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. இரண்டு பேருக்கும் அந்தக் காகிதத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. 14,000 என்று முடிந்தது. 10,000 அன்றைக்கே, மீதி 4,000 தக்காளி அறுவடைக்குப் பிறகு. வீட்டில் இருந்த ஒரு செட் ஸ்பேனரையும் எண்ணெய்க் கேனையும் அந்த அம்மிணி தானாகவே எடுத்துக் கொடுத்தார்.

வியாபாரிக்குக் கொடுத்திருந்தால் அவருக்கு 5,000 நஷ்டம். பையன் சொன்ன 35,000-க்குக் காத்திருந்தால் மெஷின் கொட்டகையில் துருப்பிடித்து ஒரு வருஷத்தில் இரும்பு விலைக்கு வந்திருக்கும். டீசல் இன்ஜினை ஓட்டாமல் போட்டுவைப்பதைப்போல அதைக் கெடுப்பது வேறில்லை.

ஆளுக்கு ஒரு விலை

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 18,600 என்பது அந்த மெஷினின் விலை இல்லை. 48 மணி நேரம் வேலை உள்ள ஒருவருக்கு அந்த மெஷினின் விலை.

இருபது சென்ட் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவருக்கு வருஷத்தில் ஐந்து மணி நேரம்கூட ஓடாது. வாடகையே 2,250-தான். அவர் இதை என்ன விலைக்கு வாங்கினாலும் அதிகம். ஒரு நல்ல கைக்களைக்கொத்தி அவருக்குப் போதும். ஆறேழு ஏக்கரில் வாழையும் மஞ்சளும் வைத்து வருஷத்துக்கு 150 மணி நேரம் ஓட்டுகிறவருக்கு இந்தப் பழைய மெஷின் நடு சீசனில் ரெண்டு நாள் படுத்துவிட்டால் களை தலைக்கு மேல் போய்விடும். அவர் புதிதாக வாங்குவதே சரி.

அப்படியானால் நம் தம்பியும் மானியத்தில் புதிதாக வாங்கலாமே என்று கேட்கலாம். 2014-15-இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 50 சதவீதம் வரையும், மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரையும் மானியம் உண்டு. கருவிக்குக் கருவி உச்சவரம்பு வேறு. நம் மாநிலத்தில் வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் வருகிறது. நல்ல திட்டம்தான். ஆனாலும் எழுதிப் பார்ப்போம். அதே மாதிரிப் புது மெஷினுக்குக் கடையில் 1,20,000 சொன்னார்கள். முழுதாகப் பாதி மானியம் கிடைத்தாலும் கையிலிருந்து 60,000 போக வேண்டும். புதிது என்பதால் ரிப்பேர் குறையும், வருஷ மிச்சம் 9,200-க்குப் பதில் 11,200 என்று வைத்துக்கொள்வோம். 60,000-க்கு 10 சதவீத வட்டி முதல் வருஷமே 6,000 தின்றுவிடும். வட்டியும் அசலும் அடைய எட்டு வருஷம் ஆகும். எட்டு வருஷத்துக்குப் பிறகுதான் அவருக்கு முதல் ரூபாய் லாபம்.

புதிதாக விவசாயத்துக்கு வரும் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வேலை குறைவாக உள்ளவர்களுக்குத்தான் பழைய மெஷின் பொருந்தும். மானியம் வருகிறதே என்று முதல் வருஷமே புது மெஷினை இறக்கிவிட்டு, காய் விற்ற காசெல்லாம் தவணைக்குப் போய், "இயற்கை விவசாயம் கட்டுப்படியாகல" என்று திரும்பிப் போகிறவர்களை வங்கி நாற்காலியிலிருந்தும் பார்த்தேன், இப்போது வரப்பிலிருந்தும் பார்க்கிறேன். கட்டுப்படியாகாதது விவசாயம் இல்லை, அந்தத் தவணை.

பாகம் கிடைக்குமா, பேப்பர் இருக்கா?

விலையைப் பாதியாக்கும் விஷயம் உதிரிபாகம். பெங்களூரு வி.எஸ்.டி. கம்பெனி 1967-இல் தொடங்கியது. கேரள அரசின் காம்கோ 1973-இல் தொடங்கியது. இப்படி நெடுங்காலமாக டில்லர் செய்துவரும் கம்பெனிகளின் பழைய வண்டி என்றால் மெக்கானிக்குக்குக் கை பழகியிருக்கும், பாகமும் தேடிப் பிடித்துவிடலாம். ஏதோ ஒரு வருஷம் மட்டும் இறக்குமதி செய்து விற்றுவிட்டுக் கடையைக் காலி செய்துவிட்டுப் போனவர்களிடம் வாங்கிய மெஷின் என்றால் ஒரு கியர் சக்கரம் போனாலும் முழு மெஷினும் போன மாதிரிதான். பவர் டில்லர் இறக்குமதிக்கு மத்திய அரசு 2020 ஜூலையில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அனுமதி இல்லாமல் இறக்குமதி செய்ய முடியாது. அதற்கு முன் வந்து இறங்கிய பேர் தெரியாத வண்டிகளை வாங்குவதற்கு முன், பிளேடு, பெல்ட், ஆயில் சீல், கிளட்ச் பிளேட் நான்கும் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள். பதில் வரவில்லை என்றால் நான் போட்ட மூன்று வருஷத்தை ஒரு வருஷமாக்கிக் கணக்குப் போடுங்கள்.

அடுத்தது பேப்பர். பில் இருக்கிறதா, இன்ஜின் நம்பர் அதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கடனில் வாங்கியதென்றால் கடன் தீர்ந்ததற்கு வங்கிக் கடிதம் கேளுங்கள். கடன் பாக்கியுள்ள மெஷின் அடமானப் பொருள். வாங்கினவர் தோட்டத்துக்கு வந்துகூட வங்கி எடுக்கலாம். மானியத்தில் வாங்கியதென்றால் இத்தனை வருஷம் விற்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்று கேட்டு, அந்தக் காலம் முடிந்திருந்தால் மட்டும் வாங்குங்கள். கடைசியாக, வெள்ளைத்தாளிலாவது தேதி, தொகை, இன்ஜின் நம்பர் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். சொந்தக்காரர்களுக்குள்ளும் போடுங்கள்.

நமக்கு மட்டும் உள்ள கேள்வி

மற்ற விவசாயிகளுக்கு இல்லாத ஒரு கேள்வி நமக்கு உண்டு. இதற்கு முன் இது எதற்குப் பயன்பட்டது?

16 லிட்டர் கைத்தெளிப்பான் ஒன்று 300 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றால் ஜீவாமிர்தமும் மீன் அமிலமும் தெளிக்க ஆகுமே என்று வாங்கத் தோன்றும். அந்த டேங்க்கில் 2,4-டி களைக்கொல்லி அடித்திருந்தால், தண்ணீர் விட்டு இரண்டு தடவை அலசினாலும் ட்யூபிலும் வாஷரிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். தக்காளி, பருத்தி, திராட்சை போன்றவை அந்தத் துளிக்கே இலை சுருண்டு, முறுக்கிக்கொண்டு போய்விடும். தேசிய இயற்கை உற்பத்தித் திட்டத்தின் தரவிதியும் ரசாயன விவசாயத்தில் பயன்படுத்திய கருவிகளை எச்சம் இல்லாமல் சுத்தம் செய்த பிறகே இயற்கை நிலத்தில் பயன்படுத்தச் சொல்கிறது. சான்றிதழ் வைத்திருப்பவர்கள் 300 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் அதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும். களைக்கொல்லி அடித்த தெளிப்பானுக்கு நம்மிடம் விலை பூஜ்யம். சும்மா கொடுத்தாலும் வேண்டாம். அதே தெளிப்பான் இன்னொரு இயற்கை விவசாயியிடமிருந்து வந்தால் புது வாஷர் போட்டு 500 கொடுத்தும் வாங்கலாம்.

இதனால்தான் நமக்குள்ளேயே வாங்கி விற்றுக்கொள்வதற்கு வெளிச் சந்தையைவிட மதிப்பு அதிகம் என்கிறேன். அந்தக் கருவியின் வரலாறு தெரிந்த ஆளிடமிருந்து அது வருகிறது. வியாபாரியிடம் போனால் முதலில் அழிவது அந்த வரலாறுதான்.

குழு என்ன செய்யலாம்?

என் யோசனை எளிது. ஒவ்வொரு வட்டாரக் குழுவும் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கட்டும். விற்க நினைப்பவர் மாதக் கூட்டத்தில் ஐந்து விவரம் சொல்ல வேண்டும்: வாங்கிய வருஷம், வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடியது, எதற்குப் பயன்பட்டது, பாகம் எங்கே கிடைக்கிறது, என்ன பேப்பர் இருக்கிறது. கேட்கிறவர் ஒரே ஒரு விவரம் சொன்னால் போதும்: தன் தோட்டத்தில் வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை. ஒரு மெக்கானிக்குக்கு 300 ரூபாய் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம். அதை இருவரும் பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாம். மேலே போட்ட கணக்கை ஒன்பதாவது படிக்கும் பிள்ளை போட்டுவிடும். குழு கமிஷன் எடுக்கக் கூடாது. விலையை முடிவு செய்யவும் கூடாது. வாங்குபவரின் உச்சத்தையும் விற்பவரின் அடியையும் எழுதிக் காட்டிவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

இதற்கு ஒரு மூத்த உறுப்பினர் சொன்ன ஆட்சேபம் எனக்கு நினைவிருக்கிறது. "நமக்குள்ள காசு பேசுனா உறவு கெட்டுப்போகுமுங்க. வெளியாளுக்கு வித்தா திட்டுனாலும் பரவாயில்ல." அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் உறவு கெடுவது விலையால் இல்லை. ஆறு மாதம் கழித்து "ஏமாத்திட்டான்" என்று ஒருவர் நினைப்பதால். ரிப்பேர் 6,500 ஆகும் என்று முதல் நாளே இரண்டு பேரும் படித்த காகிதம் இருந்தால் அந்த நினைப்பு வர இடமில்லை.

இன்னொரு ஆட்சேபமும் வரும். "அவர் வெச்சிருந்த மெஷினு, அதுக்கு விலை போட மனசு வரல" என்பவர்கள் உண்டு. அந்த மனசுக்கு நான் விலை போடவில்லை. விற்க விருப்பமில்லை என்றால் வைத்துக்கொள்ளட்டும், மாதம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் ஓடவிடட்டும். விற்பது என்று முடிவு செய்துவிட்டால் மட்டும், துக்கத்தில் இருக்கிற வீட்டில் நுழைந்து 9,000 என்று சொல்கிறவரோடு அவர்களைத் தனியாகப் பேச விடக் கூடாது. பக்கத்தில் நம் ஆள் ஒருவர் காகிதத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும்.

உங்கள் கொட்டகையில் ஓடாமல் நிற்கும் கருவி ஏதாவது ஒன்று நிச்சயம் இருக்கும். இந்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது அதன் ஐந்து விவரத்தையும் எழுதி எடுத்து வாருங்கள். அதே கூட்டத்தில் அதைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு தம்பியோ தங்கையோ உட்கார்ந்திருக்கலாம்.